வேஷம் கட்டுவதும் ஈ கட்டுவதும்

இப்போது எல்லோரும் "வேஷம் போடுகிறான்" என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் மாமா தலைமுறையில் "வேஷம் கட்டுவது"தான் வழக்கு. தெருக்கூத்துக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் "நான் துரோபதை கட்டுவேன், அவர் துச்சாதனன் கட்டுவார்" என்பார்கள். மலையாளத்திலும் அதே கதைதான், "வேஷம் கெட்டுக". கட்டு என்ற ஒரு சின்னச் சொல்லுக்குள் கயிறு, துணி, முடிச்சு, கொண்டை, சலங்கை எல்லாம் அடக்கம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்கிற ஒரு கைவேலை இருக்கிறது. அமெரிக்காக்காரன் அதற்கு "ஃப்ளை டையிங்" என்பான். அதாவது ஈ கட்டுதல். பழைய பிரிட்டிஷ்காரன் "ஃப்ளை டிரெஸ்ஸிங்" என்பான். அதாவது ஈக்கு உடுப்பு உடுத்துதல். ஒருவன் கட்டு என்கிறான், இன்னொருவன் வேஷம் என்கிறான். இரண்டையும் ஒன்றாக்கி நம் கூத்துக்காரன் எப்போதோ சொல்லிவிட்டான்!

நான் பிறந்து வளர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரி. அப்பாவுக்கு பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலை. நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம், இருப்பது ஸ்காட்லாந்தின் வடகோடியில். கலை விமர்சனம் எனக்குத் தெரியாது. ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். பெண் வேஷம் கட்டிய ஆண்களைப் பற்றியும், மீனுக்காக வேஷம் கட்டப்பட்ட முள்ளைப் பற்றியும் கொஞ்ச காலமாகப் படித்து வந்ததில், இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் வருகிற மாதிரி தெரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஈ. இந்த ஊரில் நதி என்றால் சால்மன். மட்டாஞ்சேரிப் பையன்களாகிய நாங்கள் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்டவர்கள். சீனவலைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கே ஆற்றங்கரையில் மண்புழு என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஈதான் மரியாதை. அதிலும் இரண்டு ஜாதி உண்டு. ட்ரவுட் மீனுக்குக் கட்டுகிற ஈ, நிஜப் பூச்சியைப் பார்த்து அப்படியே செய்தது. சாம்பல் நிறம், பழுப்பு நிறம், மெல்லிய கால், கண்ணாடி மாதிரிச் சிறகு. தண்ணீரில் மிதந்தால் எது நிஜம் எது பொய் என்று உங்களுக்கும் தெரியாது.

சால்மன் ஈ வேறு. கடலில் கொழுத்து, முட்டையிட ஆற்றில் ஏறி வருகிற சால்மன், ஆற்றுக்குள் நுழைந்தபின் சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது. பசியில்லாத மீன் ஏன் ஈயைக் கவ்வுகிறது என்பதற்கு இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம். கோபம் என்கிறார்கள், பழக்கம் என்கிறார்கள், வேடிக்கை பார்க்கும் புத்தி என்கிறார்கள். ஆக, சால்மன் ஈ எந்தப் பூச்சியின் நகலாகவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தச் சுதந்திரம் கிடைத்ததும் விக்டோரியா ராணி காலத்துக் கனவான்கள் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. 1850-ஐ ஒட்டி லார்ட் ஜான் ஸ்காட் என்ற பிரபுவிடம் வேலை பார்த்த ஜாக் ஸ்காட் என்பவர் கட்டிய ஈ அவர் பெயராலேயே புகழ்பெற்றது. முன் பாதி கறுப்புப் பட்டு, பின் பாதி மஞ்சள் பட்டு, டூக்கான் பறவை இறகு, தீக்கோழி இழை, தங்கக் கோழிக்கொண்டை, மக்காவ் கிளியின் வால். முள்ளோ சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. 1895-ல் ஜார்ஜ் கெல்சன் "தி சால்மன் ஃப்ளை" என்று ஒரு புத்தகமே போட்டார். சமையல் குறிப்பு மாதிரி ஒவ்வொரு ஈக்கும் எந்த எந்த இறகு, எந்த வரிசையில் என்று அதில் இருக்கும்.

அந்த உறுப்புகளின் பெயரைக் கேளுங்கள். தலை, தொண்டை, கன்னம், உடம்பு, சிறகு, வால். கன்னத்துக்கு என்று தனி இறகு! ஒப்பனை அறையில் நிற்கிற மாதிரி இல்லை?

கன்னத்துக்குப் பெரும்பாலும் போடுகிற இறகில்தான் நம் ஊர் வருகிறது. "ஜங்கிள் காக்" என்று இங்கே பரம பக்தியோடு சொல்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஒரு வங்கி நண்பர் வீட்டில் எனக்கு அதைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கழுத்துத் தோல், கறுப்பு இறகு, ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு சொட்டியது போல மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பளபளக்கும் புள்ளி. "இது உங்கள் நாட்டுச் சரக்கு" என்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம்ம சாம்பல் காட்டுக்கோழி. மூணாறு போகிற வழியில் விடிகாலையில் கேட்குமே ஒரு தொண்டை கட்டின கூவல், அதே ஆள். மெழுகு என்று நான் நினைத்தது மெழுகல்ல, இறகின் நடுத்தண்டே நுனியில் தட்டையாகி அப்படி மின்னுகிறது.

இந்தக் கோழிக்கு அறிவியல் பெயர் கேலஸ் சொன்னெராட்டி. பாண்டிச்சேரிப் பக்கமெல்லாம் சுற்றிய பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாக 1813-ல் டெம்மிங்க் வைத்த பெயர். தென்னிந்தியாவும் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரமும்தான் இதன் வீடு, உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அதன் சேவல் மட்டும்தான் அந்தக் கழுத்து அலங்காரத்தைப் போட்டுக்கொள்ளும். அதுவும் வருஷம் முழுக்க அல்ல. ஜூன் வாக்கில் மழை தொடங்கியதும் அலங்கார இறகைக் கொட்டிவிட்டு, கொஞ்ச நாள் மங்கலாகத் திரியும். பிறகு மறுபடியும் முளைக்கும். வேஷம் கலைப்பது பறவைக்கும் உண்டு.

(கெல்சன் குறிப்புகளில் "இந்தியக் காக்கை" என்று ஒரு சிவப்பு இறகு அடிக்கடி வரும். அதற்கும் இந்தியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தென் அமெரிக்கப் பறவை. அதேபோல "கொச்சின்" என்று உலகம் முழுக்க ஒரு புசுபுசு கோழி இருக்கிறதே, அதுவும் எங்கள் ஊர்க் கோழியல்ல. சீனாவிலிருந்து 1840-களில் இங்கிலாந்து போனது. கொச்சின்-சைனா என்ற பெயரில் சைனாவை ஒட்டவைத்ததே எங்கள் கொச்சியோடு குழப்பிக்கொள்ளக்கூடாது என்றுதான். கோழிக்கு வரும்போது சைனாவை வெட்டிவிட்டார்கள், கொச்சி நின்றுவிட்டது. யாரோ கொடுத்த முகவரியில் யாரோ குடியிருக்கிறார்கள்.)

நம் பக்கத்தில் தூண்டில் ஈயின் சரித்திரத்தைத் தேடினால் முதலில் அகப்படுகிற ஆசாமி கொச்சியிலேயே இருந்தவர். ஃப்ரான்சிஸ் டே, மதராஸ் ராணுவ டாக்டர், பிரிட்டிஷ் கொச்சியில் சிவில் சர்ஜன். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன் சந்தையில்தான் இருந்திருப்பார் போல. 1863-ல் கொச்சியின் பழைய வரலாற்றையும் அன்றைய நிலையையும் பற்றி "தி லேண்ட் ஆஃப் தி பெருமால்ஸ்" எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு புத்தகம். பிற்பாடு "தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா", அது இன்றைக்கும் மீன் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பஞ்சாங்கம் மாதிரி. இவர்தான் 1863-ல் இங்கிலாந்து ட்ரவுட்டை நீலகிரி ஓடைகளில் குடியேற்ற முதலில் முயன்றவர். நடக்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொருவர் கையில்தான் அது கூடியது. மூணாறு தேயிலைத் துரைமார்களும் தங்கள் ஓடைகளில் ட்ரவுட் விட்டார்கள். ஆக ஒரு விசித்திரமான சுற்று நடந்தது. நீலகிரிக் காட்டுக்கோழியின் கழுத்து கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய் ஈயாக மாறியது. அங்கிருந்து துரைமார்களின் பெட்டியில் அந்த ஈ திரும்பி வந்து, காட்டுக்கோழி கூவுகிற அதே மலை ஓடையில் இறங்கியது. கச்சாப்பொருள் இங்கே, மதிப்புக்கூட்டல் அங்கே. பி.காமில் படித்தது இதைத்தான்.

எத்தனை கழுத்துகள் போயின என்பதற்கு நான் நம்பக்கூடிய கணக்கு எதையும் பார்க்கவில்லை. ஆனால் கணக்கு பெரிதாக இருந்ததால்தான் 1902-லேயே இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. ஈ கட்டுகிறவர்களால் மட்டும் வந்த வினையல்ல அது. பெரிய குற்றவாளி பெண்களின் தொப்பி. ஐரோப்பிய நாகரிகச் சீமாட்டி தலையில் கொக்கும் மீன்கொத்தியும் உட்கார்ந்திருந்த காலம். பிரிட்டன் தன் பங்குக்கு இறகு இறக்குமதியை 1921-ல்தான் தடுத்தது. தடைக்குப் பிறகும் காட்டுக்கோழிக் கழுத்து திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டே இருந்தது. 1972-ன் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு இங்கே அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். என் நண்பரிடம் இருந்தது ஐரோப்பாவில் கூண்டில் வளர்த்த கோழியின் கழுத்து, ரசீதோடு. வங்கிக்காரன் வீட்டுக்கு வருகிறான் என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாரோ என்னவோ.

இனி மட்டாஞ்சேரி.

டச்சு அரண்மனை என்று பெயர், கட்டிக்கொடுத்தது போர்த்துகீசியர்கள், 16-ஆம் நூற்றாண்டில். கொச்சி ராஜாவுக்குப் பரிசு. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் பெயர் அவர்களுக்குப் போனது. (மறுபடியும் யாரோ முகவரியில் யாரோ.) சுவர்களில் ராமாயணம் ஓடுகிறது. சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கீழ்த்தள அறையில் வேறொரு சுவரோவியம் இருக்கிறது. சிவன் மோகினியை அணைத்துக்கொண்டிருக்கிறார், பார்வதி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மோகினி யார்? விஷ்ணு. அமுதத்தைப் பங்கிட ஆண் தெய்வம் கட்டிய பெண் வேஷம். அதைப் பார்த்த சிவனே, அது வேஷம் என்று தெரிந்தே, மயங்கினார் என்பது கதை. பசியில்லாத சால்மன் ஞாபகத்துக்கு வருகிறதா? எனக்கு வருகிறது.

கதகளியில் பெண் பாத்திரங்களைக் காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள். அந்த வகை வேஷத்துக்கு "மினுக்கு" என்று பெயர். பச்சை வேஷத்துக்கு முகத்தைச் சுற்றி அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து வெள்ளை வளையம் கட்டுவார்களே, சுட்டி, அது மினுக்குக்குக் கிடையாது. இடுப்பில் பிரம்மாண்டமாக உப்பி நிற்கும் உடுத்துக்கெட்டும் கிடையாது. கொசுவம் வைத்த வெள்ளைத் துணி, ரவிக்கை, பக்கவாட்டில் கட்டிய கொண்டை, அதன்மேல் துணி. முகத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த மெல்லிய பூச்சு. சுண்டப்பூ விதையைக் கண்ணுக்குள் வைத்துச் சிவக்க வைப்பது மட்டும் எல்லோருக்கும் உண்டு. ஒரு கதகளி மேடையில் மனிதரைப் போல இருப்பது மினுக்கு வேஷம் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் வேறு உலகத்துப் பிறவிகள்.

அதாவது மினுக்கு என்பது ட்ரவுட் ஈ. நகல், நுட்பம், அடக்கம். சால்மன் ஈக்கு இணை வேண்டுமானால் அதே மேடையில் கரி வேஷத்தைப் பாருங்கள். சூர்ப்பணகை, நக்ரதுண்டி. கன்னங்கரேல் என்ற முகம், அளவு மீறிய பொய் மார்பு, குதியாட்டம். எந்தப் பெண்ணின் நகலும் அல்ல. மேலைநாட்டு டிராக் குயின்கள் ஒட்டு இமையும் மலைபோன்ற முடியும் வைத்துக்கொண்டு வருகிறார்களே, அதற்கு உறவு மினுக்கு அல்ல, கரிதான் என்பது என் அபிப்பிராயம். பெண்ணாகத் தோன்றுவது ஒரு வித்தை. பெண் என்று நாம் எதையெல்லாம் கற்பனை செய்து வைத்திருக்கிறோமோ அதையெல்லாம் ஒரே முள்ளில் கட்டிக் காட்டுவது இன்னொரு வித்தை.

அந்த முகப்பூச்சு மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. கதகளிக்காரர் அதை மனயோலை என்பார். நாம் அரிதாரம் என்போம். "அரிதாரம் பூசுவது" என்று சினிமாக்காரர்களுக்கு எழுதுகிறோமே, அந்தச் சொல்லே ஆர்சனிக் கலந்த ஒரு தாதுவின் பெயர். நிஜமான விஷம். இந்தப் பக்கம், அருங்காட்சியகத்துக்குப் பறவையைப் பாடம் செய்தவர்கள் தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் சோப்பைத் தடவினார்கள். பழைய பறவைத் தோலைக் கையால் தொடாதே என்று எச்சரிப்பது அதனால்தான். மேடைக்காரன் முகத்திலும் காட்சிப் பறவையின் தோலிலும் ஒரே நஞ்சு.

மினுக்கில் சிகரம் தொட்டவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது கோட்டக்கல் சிவராமன் ஆசானை. 1936-ல் பிறந்து 2010-ல் காலமானார். தாய்மாமன் வாழேங்கட குஞ்சு நாயரிடம் பயிற்சி. அதுவரை பெண் வேஷம் என்றால் புதிதாகக் கற்றுக்கொண்டவனுக்கோ ஓரமாக நிற்பவனுக்கோ கொடுக்கிற சில்லறை வேலை. நளன் அரை மணி நேரம் ஆடுவான், தமயந்தி தலை குனிந்து நிற்பாள். அந்த நிற்றலுக்குள்ளே ஒரு மனுஷியை வைத்தவர் சிவராமன். அவர் தமயந்தியைப் பார்க்கவே ஆட்கள் போனார்கள். காலையில் கலைத்துவிட்டு வேட்டியோடு பஸ் ஏறுகிற சராசரி மனிதர்.

கதகளி அரண்மனைப் பக்கம் என்றால், கடற்கரைப் பக்கம் சவிட்டு நாடகம். தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்குத் தீராத வருத்தம். கொச்சி, வைப்பின், கோதுருத்து வட்டார லத்தீன் கத்தோலிக்கர்களின் கூத்து. போர்த்துகீசியர் வந்தபிறகு உருவானது. கதை ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன், இவர்கள் வாயில் காறல்மான். உடுப்பு வெல்வெட்டும் ஜிகினாவும் மணியும் கிரீடமும். பலகை மேடையில் காலால் ஓங்கி மிதித்து ஆடுவதால் சவிட்டு. பாட்டோ பெரும்பாலும் தமிழ்! மலையாள வாடை அடிக்கும், ஆனால் தமிழ். காறல்மான் சரித்திரத்தை எழுதியவராகச் சொல்லப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி, தமிழர். கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கும் அண்ணாவி என்றே பெயர். மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கத்து நண்பர்களுக்கு அண்ணாவியார் யாரென்று நான் விளக்க வேண்டியதில்லை. சபீனா ராஃபி என்ற ஆசிரியை 1964-ல் இந்தக் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதியிராவிட்டால் படித்தவர்கள் இதைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதிலும் முன்பெல்லாம் ராணிகள், இளவரசிகள் எல்லோரும் ஆண்கள்தான். பகலெல்லாம் வலை இழுத்த கை, ராத்திரி பாரிஸ் நகர இளவரசியின் விசிறியைப் பிடிக்கும். ஆண் வேஷங்களின் மிதி பலகையை உடைக்கும். பெண் வேஷத்தின் மிதி மெல்ல, வளைந்து வரும். ஒரே கால்தான். ட்ரவுட் ஈ கட்டுகிற ஆளின் முரட்டு விரல் முடியளவு நூலை அறுந்துவிடாமல் சுற்றுகிறதே, அந்த அடக்கம்.

என் நடு மாமாவை இங்கே சொல்லவேண்டும். எங்கள் தெருத் தமிழர்கள் பங்குனி மாசம் ஒரு நாடகம் போடுவார்கள். அதில் மாமாதான் சந்திரமதி. நான் பிறப்பதற்கு முந்தைய காலம். அம்மா சொல்லித்தான் தெரியும். மயானத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாமா அழுதால், குஜராத்தி ரோட்டிலிருந்து வந்து நின்ற மொழி தெரியாத சேட்டம்மாக்களும் அழுவார்களாம். சவுரியை அவரே முடைந்துகொள்வார். கொண்டையில் வைக்கும் பூ காகிதத்தில், ஒவ்வொரு இதழும் தனித்தனியாக நூலில் கட்டியது. அதை வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். மாமா சரி என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கட்டவில்லை.

"அத்தை, உங்க வீட்டுல ஏன் வேண்டாம்னாங்க? மாமா நல்லாத்தானே செஞ்சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லா செஞ்சதுதாண்டா தப்பு" என்றாள் அத்தை. "சுமாரா செஞ்சிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாங்க."

மேடையில் காசு வீசினவர்களே மறுநாள் சந்தையில் ஒரு சொல்லால் அவரைக் கூப்பிடுவார்களாம். அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. மாமாவுக்குப் பெண் வேஷம் என்பது தொழில் வித்தை, அவ்வளவே. அதற்கே இந்த வசவு என்றால், மேடைக்கு வெளியேயும் பெண்ணாகவே வாழ்கிறவர்களுக்கு ஊர் என்ன கொடுத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

புகழ் பெரிதானால் வசவு கேட்காது போல. பம்பாயில் பால கந்தர்வா கட்டிய புடவையைப் பார்த்து நிஜப் பெண்கள் புடவை கட்டினார்கள். குஜராத்தி மேடையில் ஒருவர் சுந்தரி என்ற பாத்திரத்தில் ஜெயித்து, ஆயுள் முழுக்க ஜெய்சங்கர் சுந்தரி என்றே அறியப்பட்டார். கேரளத்தில் குமாரன் ஆசானின் "கருணா" நாடகமானபோது வாசவதத்தை ஓச்சிற வேலுக்குட்டி, உபகுப்தன் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர். கேரளத்தில் சங்கீத நாடக மோகமே தமிழ்க் கம்பெனிகள் கொண்டுவந்ததுதான். நம் டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் ஆனதும், 1996-ல் கமல் படத்துக்கு அந்தப் பெயர் உதவியதும் உங்களுக்குத் தெரிந்ததே.

எதிர்த்திசையில் ஒரு கதை. ஸ்காட்லாந்தின் ப்ரோரா நதிப் பக்கம் கிண்ட்ராட்வெல் என்ற இடத்தில் மேகன் பாய்ட் என்று ஒரு அம்மாள் இருந்தார். 1915-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் ஒரு காவல்காரரிடம் ஈ கட்டக் கற்றுக்கொண்டு, கண் மங்குகிற வரை, சுமார் 60 வருஷம் அதையே செய்தார். கரண்ட் இல்லாத சின்ன வீடு, ஜன்னலோரம் மேஜை. அவர் ஈக்கு உலகம் முழுக்கக் கிராக்கி, இளவரசர் சார்லஸே வாடிக்கையாளர். 1971-ல் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் அறிவித்தார்கள். அதை வாங்கப் போனால் நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மாள் போகவில்லை! அவர் உடுத்தியது ஆண்களின் சட்டை, டை, கோட்டு, கனத்த பூட்ஸ். முடியும் ஆண்களைப் போலக் கத்தரித்தது. அவர் தூண்டில் போட்டு மீன் பிடித்ததில்லை. மீன் சாவது அவருக்குப் பிடிக்காது. ஊர்க்காரர்கள் அவர் உடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். 2001-ல் காலமானார். 2013-ல் அவரைப் பற்றி "கிஸ் த வாட்டர்" என்று படம் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மாமாவின் பிஸ்கட் டப்பாதான் நினைவில் நின்றது.

வேஷத்துக்கு யாராவது விலை கொடுத்துத்தானே ஆகவேண்டும். 2009 ஜூனில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ட்ரிங் கிளையில் ஒரு ஜன்னல் உடைந்தது. காணாமல் போனவை 299 பறவைத் தோல்கள். சில, ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் தன் கையால் சேகரித்தவை. திருடியவர் ராயல் அகாடமியில் புல்லாங்குழல் படித்த 20 வயது அமெரிக்கப் பையன், விக்டோரியா பாணி சால்மன் ஈ கட்டுவதில் கெட்டிக்காரன். இறகை இணையத்தில் விற்றிருக்கிறான். 2011-ல் தண்டனை, ஆனால் சிறைவாசம் நிறுத்திவைக்கப்பட்டது. கட்டச்சொன்ன தொகை 1,25,150 பவுண்டு. பல தோல்களிலிருந்து அடையாளச் சீட்டு பிய்க்கப்பட்டிருந்தது. எங்கே, எப்போது பிடித்தது என்ற சீட்டு போனால் ஆராய்ச்சிக்கு அது வெறும் இறகு. பத்திரம் இல்லாத சொத்து மாதிரி.

அதே 2011-ல் அமெரிக்காவில் பெண்கள் தலைமுடியில் சேவல் இறகு கோத்துக்கொள்வது திடீர் மோஸ்தராகி, அழகு நிலையக்காரர்கள் தூண்டில் கடைகளில் புகுந்து ஈ கட்டும் இறகை மொத்தமாக அள்ளிப்போனார்கள். விலை பல மடங்கு ஏறியது. கொலராடோவில் இதற்கென்றே சேவல் வளர்க்கும் பண்ணையால் ஈடுகொடுக்க முடியவில்லை. மீன் பிடிக்கிற முரட்டு ஆண்கள் அழகு நிலையத்தைத் திட்டித் தீர்த்தார்கள். தாங்களும் இத்தனை காலம் அலங்காரச் சாமான்தான் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது அவர்களுக்கு அன்றுதான் உறைத்திருக்கும்.

எங்கள் ஊரில் விலை கொடுத்தவர்கள் வேறு. ஆண்கள் பெண் வேஷம் கட்டிய அத்தனை காலமும் பெண்கள் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். 1975-ல்தான் திருப்பூணித்துறையில் பெண்கள் மட்டுமே ஆடும் கதகளிக் குழு வந்தது. அவர்கள் ராவணனும் கட்டினார்கள், அர்ஜுனனும் கட்டினார்கள். 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலம் பெண் பிள்ளைகளைக் கதகளிப் படிப்பில் சேர்க்க 2021 ஆக வேண்டியிருந்தது. இன்னொரு கணக்கு. 2014 ஏப்ரலில் மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2015-ல் எல்லா வங்கி விண்ணப்பத்திலும் அதற்கு ஒரு கட்டம் வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. அதே வருஷம் கேரளம் தனிக் கொள்கையே வகுத்தது. 2017-ல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது, உலகமெல்லாம் செய்தி. சில வாரங்களிலேயே பலர் விலகினார்கள். சம்பளம் வந்தது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சாமயவிளக்கு அன்று கொல்லம் பக்கத்துச் சவறாவில் ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டி விளக்கேந்தி அம்மனைக் கும்பிடுகிற அதே மாநிலத்தில்தான். வீட்டுக்காரர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்.

மோகினியின் பெயரால் ஒரு நாட்டியம் இருக்கிறதே, மோகினியாட்டம், அதை ஆண்கள் கலாமண்டலத்தில் படிக்க முடியாது என்பதுதான் விதியாக இருந்தது. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் படித்த ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் வெளியே ஆடிக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில் ஒரு நடனக் கலைஞர், ஆண்கள் மோகினியாட்டம் ஆடக்கூடாது, நிறமும் அழகும் வேண்டும் என்கிற ரீதியில் பேட்டி கொடுக்க, கேரளமே கொதித்தது. அந்த மாதமே கலாமண்டலம் அவரை அழைத்து ஆடவைத்தது. ஆண்களையும் சேர்த்துக்கொள்வதென்று முடிவும் எடுத்தது. மட்டாஞ்சேரி அரண்மனையின் கீழ்த்தளச் சுவரில் மோகினி அப்போதும் சிவன் கையில்தான் இருந்தாள். அந்தச் சாயத்தை அரைத்தவருக்கு அவள் ஆணா பெண்ணா என்பதில் சந்தேகம் இருந்த மாதிரி தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்.